அம்மாளாச்சிக்கு இரண்டு தாள்

போன ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலை அலுமாரியைத் துப்புரவாக்க வந்தவர்கள் நானும் ரமீசும்தான். ரமீஸ் என்னோடு படித்தவன், முள்ளியவளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். குப்பை ஏற்றத் தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தையும் பெட்டியோடு கொண்டுவந்தான். வராதவர்கள்: தலைவர் ஐயா, செயலாளர், நிர்வாகசபை முழுவதும். முந்தி இதே அலுமாரிப் புத்தகங்களில் பசை காய்ச்சித் தாள் ஒட்டிய அன்றைக்கு மட்டும் இவர்களில் ஒருவரும் தவறவில்லை. கதிரை போதாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினோம்.

அலுமாரியைத் திறந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. புளித்த மா, கரப்பான் எச்சம், மழை ஈரம். ரமீஸ் சாரத்தின் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மச்சான், உள்ளுக்க எலி செத்துக் கிடக்கோ, இல்லாட்டி இதுதான் உலக அறிவோ?" என்றான். சிரித்திருக்க வேண்டும். நான் யன்னல்களைத் திறந்துவிட்டேன்.

அந்தப் புத்தகங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். போர் முடிந்து மீள்குடியேறிச் சில வருடங்களில், கனடாவில் இருக்கும் ஊரவர் ஒருவர் அனுப்பியவை. உலகத்து நாட்டார் கதைகளும் புராணங்களும், அகரவரிசையில், தலையணை தலையணையாக நான்கு தொகுதிகள். எல்லாம் ஆங்கிலம். நான் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வாசிகசாலைச் சாவியோடு இருந்தேன். சம்பளமென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பரம்பரையில் கதிரையில் இருந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தானே, சேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டு அகராதியும் கையுமாகத் திரிந்தேன். பனி தேசத்து ஓநாயொன்று சூரியனைத் துரத்தும் கதையை வாசிக்க ஒரு பின்னேரம் முழுவதும் போனது. அதில் பாதி நேரம் ஓநாயை நரியென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வயல்காரர். கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவார். எங்கள் அம்மன் கோயிலில் எண்ணெய்க்குப் பதில் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். பொங்கலுக்கு முன் அந்த நீர் எடுக்கப் போகிறவர்களோடு வருடம் தவறாமல் முல்லைத்தீவுக் கரைவரை நடந்து போய்வருவார் அப்பா. "எல்லா நாட்டுச் சாமியும் இருக்கெண்டு சொல்லுறாய், எங்கட அம்மாளாச்சி இருக்கிறாவோ பார்" என்றார்.

தேடினேன். இருந்தாள். ஒரு மரச்சிற்பத்தின் படம்: விரிந்த கூந்தல், கையில் சிலம்பு, நகரை எரிக்கத் தானே திருகி எறிந்த மார்பின் வெறுமை. அதன் கீழே, இலங்கையின் வடக்கில் இவளுக்குக் கடல்நீரில் விளக்கேற்றுகிறார்கள் என்று ஒரே ஒரு வரி. அந்தப் புத்தகங்களை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். வீட்டில் வாயால்தான் சொன்னேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. படத்தைக் கண்டா ஆளைத் தெரியும்" என்றார் அப்பா. "வயல் வெட்டு முடியட்டும், வாறன்."

அந்த அறுவடை முடிவதற்குள் செயலாளரின் மகள் வேறொரு படத்தைக் கண்டுவிட்டாள். ஏதோ தேசத்தில் உடுப்பில்லாமல் நீராடிக்கொண்டிருந்த ஒரு தெய்வம். அப்படியான படங்களை மறைக்க உடனே நிர்வாகசபை கூடியது. தலைவர் ஐயா ஓய்வுபெற்ற ஆசிரியர். "மார்க்கர் அடிச்சா மற்றப் பக்கம் ஊறும். புத்தகத்துக்கு ஒரு மரியாதை இருக்கு. தாள் ஒட்டுவம்" என்றார். முற்றத்தில் அடுப்பு மூட்டிக் கோதுமை மாவில் பசை காய்ச்சினார்கள். பழைய கலண்டர் தாள்களை அளவாக வெட்டினார்கள். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு படமும் கதிரை கதிரையாகச் சுற்றி வந்தது.

"பொறுங்கோ, பொறுங்கோ. இது ஆணோ பெண்ணோ எண்டு வடிவாப் பாப்பம்."

"கண்ணாடியைப் போட்டுப் பாருங்கோ ஐயா, ஒரு அவசரமுமில்லை."

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அந்தப் படங்களில் ஒன்றுகூட அன்றைய சிரிப்பளவுக்கு ஆபாசமாக இருக்கவில்லை.

அம்மன் பக்கம் வந்தபோது எழும்பி நின்றேன். "ஐயா, இது எங்கட அம்மாளாச்சி."

"அதைத்தானே தம்பி நானும் சொல்லுறன். எங்கட அம்மாளாச்சியை இந்தக் கோலத்தில விடலாமோ? அவவுக்கு ரண்டு தாளாப் போடுங்கோ."

கோயிலில் அவள் கதையை ஒலிபெருக்கி கட்டிப் படிப்பார்கள். மார்பைத் திருகும் இடத்தில் பெண்கள் பிள்ளைகளோடு எழும்பிக் கும்பிடுவார்கள். படிப்பவர்களில் தலைவர் ஐயாவும் ஒருவர். அதையும் சொல்லிப் பார்த்தேன். "அது பக்தி, இது படம்" என்றார். படத்தோடு அந்த ஒற்றை வரியும் தாளுக்கடியில் போனது.

அடுத்த கிழமை அப்பா வந்தார். முழுகி, வேட்டி கட்டி, திருநீறு பூசி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். தாளின் நுனியை மெல்ல உரித்துப் பார்த்தேன். கூந்தலும் சேர்ந்து கிழிந்துவந்தது. விட்டுவிட்டேன்.

"இதுக்குள்ளயோ இருக்கிறா?"

"ஓம் அப்பா."

அந்த வெள்ளைத் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரும்பும்போது என் சைக்கிள் கரியரில் இருந்தபடி, "நீ வாசிச்சனீதானே, எனக்கு அது காணும்" என்றார்.

பிறகு நான் பட்டம் படிக்கக் கம்பஸ் போனேன். சாவி நிர்வாகசபையிடம் போனது, அலுமாரி பூட்டியபடியே கிடந்தது. போன வருடம் அப்பாவும் இல்லாமல் போனார்.

கரப்பான்களுக்கு மாப்பசையைவிட வேறென்ன வேண்டும்? ஒட்டிய பக்கங்களில் தொடங்கி மிச்சத்தையும் முடித்திருந்தன. தூக்கினால் அட்டை மட்டும் கையோடு வந்தது, உள்ளேயிருந்து குஞ்சுகள் சிதறி என் முழங்கைவரை ஏறின. உதறிவிட்டு அம்மன் பக்கத்தைத் தேடினேன். இரண்டு தாள் பசையல்லவா, ஓட்டையும் அங்கேதான் பெரிது. விளக்கின் வரி இருந்த இடத்தால் என் விரல் மறுபக்கம் வந்தது.

ரமீஸ் கேலியை நிறுத்தியிருந்தான். "உன்ர அப்பா எங்கட வாப்பான்ர கடைக்கு வந்து அடிக்கடி சொல்லுவார் மச்சான், என்ர பொடியன் அம்மாளாச்சியை இங்கிலீசுப் புத்தகத்தில கண்டவனெண்டு. தானும் போய்ப் பாத்ததாச் சொன்னவர்."

எல்லாவற்றையும் வாரி ஏற்றிக் குப்பை மேட்டில் கொட்டிவிட்டு வரும் வழியில் தலைவர் ஐயா எனக்குப் போன் அடித்தார்.

"துப்புரவாப் போச்சோ தம்பி? செலவு எவ்வளவு முடிஞ்சுது?"

"டீசலுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய், ஐயா."

"அவ்வளவுதானோ? நான் கூடுதலா வருமெண்டு நினைச்சன்."