‘ஏளா’வுக்கு ஒரு ‘என்னவாம்’

மகளின் பேறுகாலம் பார்க்க என் மனைவி மஸ்கட்டுக்குப் போனபோது வீட்டில் விட்டுச் சென்றது இரண்டு பழைய சாமான்கள். ஒன்று நான், இன்னொன்று நாய். இரண்டுக்குமே வேளாவேளைக்குச் சோறு வைக்க ஆள் வேண்டும். விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவருகே நின்று அவள் கடைசியாகச் சொன்னது என்னைப் பற்றி அல்ல.

“அதைப் பட்டினி போட்றாதிய. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.”

நாய்க்குச் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது. சாப்பாடு இறங்காமல் கிடந்தால் அப்புறம் தேற்றுவது கஷ்டம் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஞாபகம் எனக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் அவள் போன நாளிலிருந்து சோறும் அவித்த சாளை மீனும் காலையில் வைத்தது வைத்தபடி கிடக்கும். சாயங்காலம் மனைவி வீடியோவில் வந்து பேசும் நேரத்தில்தான் அது தட்டில் வாய் வைக்கும். வெயில் தாழ்ந்தால் பசி எடுக்கிறது போல என்று நானாக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். காரணம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன். அது தப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

நாய்க்கு முறையான பெயர் கிடையாது. குட்டியாக வந்தபோது ஆளுக்கொரு பெயர் வைத்தோம், ஒன்றும் ஒட்டவில்லை. நான் மனைவியை, ‘ஏடி’ என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற மாதிரி, “ஏளா” என்று கூப்பிட்டால் அவளுக்கு முன்னால் குட்டி வந்து நின்றது. கல்யாணமான நாளிலிருந்து ஒரே கூப்பாட்டுக்கு யாரும் வந்து நின்று பழக்கமில்லாத எனக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது. அதுவே பெயராகிப்போனது. “வீட்டுல ரெண்டு பொம்பளை, ஒரே பேரு. நல்ல சிக்கனம்” என்று மனைவி சொல்லிக்காட்டுவாள்.

துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் காலமெல்லாம் வேலை பார்த்தும் நான் ஒரு பெட்டியைக்கூடத் தூக்கியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, இந்த நாயைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியதில் குடல் இறங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் ஆபரேஷன், தள்ளிப்போட முடியாது என்றார்கள். மனைவியோ பச்சைப் பிள்ளையையும் பிள்ளை பெற்றவளையும் விட்டுவிட்டு வர முடியாது. ஆக, நாயை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும்.

நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் என்றால் ஏதோ ஓர் ஆள் என்று நினைத்திருந்தேன். விசாரித்தால் எங்கள் கம்பெனியைவிட அதிக டிபார்ட்மெண்ட் இருந்தது. முதலில் கிடைத்தவர் கடற்கரைச் சாலையில் மூன்று நாய்களால் இழுத்துச் செல்லப்பட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர். ஓடிப்போய்க் கேட்டேன்.

“நடத்திக் கூட்டிட்டு வாரது மட்டுந்தான் அண்ணாச்சி என் வேலை. சோறு வைக்கது வேற ஆளு” என்று போகிற போக்கில் கத்திவிட்டுப் போனார்.

அடுத்து, வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் பெட் சிட்டர் ஒரு அம்மாள். ஒத்திகைக்கு வந்தார். நாய் கட்டிலுக்கு அடியில் போனது, அவர் போகும்வரை வெளியே வரவில்லை.

“நான் வழக்கமாப் பாக்கது பூனைதான் சார். அதுக்கு எடம் மாறினா ஆகாது. அதனால வீட்டுக்கு வந்து சோறு வச்சிட்டுப் போனாப் போதும். இது ஆளைத் தேடுத நாயி. நாள் பூரா பக்கத்துல ஆள் வேணும்” என்று நியாயமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

டே கேரில் காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிவர வேண்டும். சாயங்காலம் கூட்டிவர வேண்டியவன் குளுக்கோஸ் ஏறிக்கொண்டு படுத்திருப்பான். ‘ஃபுல் கேர்’ என்று வேனில் எழுதியிருந்ததைப் பார்த்து, முழுப் பொறுப்பும் எடுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறதே என்று சந்தோஷமாக வரவழைத்தேன். குளிப்பாட்டி, நகம் வெட்டி, காது துடைத்து, கழுத்தில் ரிப்பன் கட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நாய் அன்று முழுவதும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டாம்.

கடைசியில் எட்டயபுரம் ரோட்டில் ஒரு போர்டிங். இரவு பகல் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். நடத்துகிறவர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். வீட்டுக்காரர் தோஹாவில் இருப்பதாகச் சொன்னார். மருந்து, சாப்பாடு, கடிக்கிற பழக்கம், இடிக்குப் பயமா என்று எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “பேரு என்ன அண்ணாச்சி?” என்றார்.

முன்பின் தெரியாத பெண்ணின் முகத்துக்கு நேராக “ஏளா” என்று சொன்னால் என்ன கிடைக்கும் என்று யோசித்தேன். வாய்க்கு வந்த ஒரு வெள்ளைக்காரச்சி பெயரைச் சொன்னேன். நாய் என்னை நிமிர்ந்து பார்த்தது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் மத்தியானம் போன் வந்தது.

“அண்ணாச்சி, வந்ததுலருந்து ஒரு வாய் திங்கல. தண்ணி மட்டும் நக்குது. பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்புடுதோம், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கு. டாக்டர் வந்து பாத்துட்டு, இப்படியே போனா ட்ரிப்ஸ் ஏத்தணும், இந்த வயசுல தாங்குமான்னு சொல்ல முடியாதுங்காரு.”

தையல் போட்ட இடம் சுருக்கென்றது. இதற்கு மேல் மானம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

“ஏளான்னு கூப்பிடுங்க.”

“யாரைப் பாத்து ஏளாங்கிய?” என்றது அந்தப் பக்கத்துக் குரல், வேறு மாதிரி.

“ஐயோ, ஒங்களை இல்ல தங்கச்சி. அதான் அதுக்குப் பேரு. வெக்கப்பட்டு மாத்திச் சொல்லிட்டேன்.”

அவர் கூப்பிட்டுப் பார்த்தார். நாய் காதை மட்டும் தூக்கியது, எழுந்திருக்கவில்லை என்றார். ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுப் பக்கம் வைக்கச் சொல்லிவிட்டு, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நான் கத்தினேன். “ஏளா! ஏளா!” வார்டில் அத்தனை பெண்களும் திரும்பினார்கள். பக்கத்துக் கட்டில்காரரின் சம்சாரம், “ஆபரேஷன்ல தலையில எதுவும் பண்ணிட்டாவளா?” என்று நர்ஸிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“எந்திரிச்சிட்டு அண்ணாச்சி. தட்டுகிட்ட வந்து நிக்கி. ஆனா திங்கல. வாசலையே பாக்கு.”

“ஏளா!” என்றேன் மறுபடியும், அழுகிற குரலில்.

“என்னவாம் இப்போ?” என்றார் அவர் எரிச்சலாக. நாயும் நானுமாக அவரை அந்தப் பாடு படுத்தியிருந்தோம்.

அடுத்து நக்குகிற சத்தம் கேட்டது. சளப் சளப் என்று.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் நான் “ஏளா” என்பேன். அடுப்படியிலிருந்து மனைவி “என்னவாம்” என்பாள். அந்த இரண்டும் கேட்ட பிறகுதான் இத்தனை வருஷமாக அது தட்டில் வாய் வைத்திருக்கிறது. பதில் வராத வீட்டில் பாதிப் பெயரை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? சாயங்காலம் அது தின்றதற்குக் காரணம் வெயில் இல்லை, வீடியோவில் வந்த ‘என்னவாம்’.

நான் டிஸ்சார்ஜ் ஆகும்வரை வேளைக்கு வேளை இதுதான். நான் இங்கிருந்து கூப்பிடுவேன், அவர் அங்கிருந்து எரிந்து விழுவார், நாய் சாப்பிடும். நாயைத் திரும்பக் கூட்டிவரப் போனபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: “எங்க வீட்டுல உள்ளவுக போன்ல ‘ஹலோ’ங்காவ. ஏளான்னு என்னை யாரும் கூப்புட்டு ரொம்ப நாளாச்சு அண்ணாச்சி. அதான் டக்குன்னு வாயில வந்துட்டு.”

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “எவளோ ஒருத்தி ஒங்களுக்கு என்னவாம்னு பதில் சொல்லுதா, இல்லியா? நல்லாருக்கு” என்றாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம், குனியக்கூடாது என்பதால் ஸ்டூலில் உட்கார்ந்து காலால் தட்டைத் தள்ளி வைத்தேன். “ஏளா” என்றேன். நாய் வந்து நின்று அடுப்படிப் பக்கம் பார்த்தது. நானே குரலை மாற்றி “என்னவாம்” என்று சொல்லிப் பார்த்தேன். அது என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அடுப்படியைப் பார்த்தது. மஸ்கட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“ஏளா.”

“என்னவாம்? பிள்ளையக் குளிப்பாட்டிட்டு இருக்கேன்.”

நாய் குனிந்து தின்ன ஆரம்பித்தது.

“ஒண்ணுமில்ல. சும்மாதான்” என்றேன்.

“நீங்க சாப்டியளா?”

என் தட்டு காலையிலிருந்து மூடியே கிடந்தது.

“இந்தா, சாப்பிடப் போறேன்” என்று தட்டை இழுத்துக்கொண்டேன்.