லோஷினி கட்டின கதைகள்

செனாய் தாமான் குடியிருப்பு வீட்டுல சாயங்காலம் ஆனா யோகேஸ்வரிக்கு ரெண்டு கை பத்தாது. அடுப்புல நெத்திலி சம்பல், கூடையில மடிக்காத துணி, மேசையில பென்சிலைக் கடிச்சுக்கிட்டு ஒண்ணாம் வகுப்பு மக லோஷினி. மலாய் பாடம் முடியணும், கணக்கு முடியணும், அப்புறம் தமிழ் வாசிப்பு. தினமும் பிள்ளை ஒரு கதை வாசிக்கணும், பெத்தவங்க கேட்டுட்டு அட்டையில கையெழுத்து போடணும். தமிழ்ப்பள்ளி டீச்சர் பிரவீனா வச்ச சட்டம் அது.

யோகேஸ்வரி படிச்சது மலாய் ஸ்கூல். தமிழ் பேசுவா, எழுத்து ஒண்ணும் தெரியாது. மககிட்ட சொன்னதில்ல. சொன்னா நாளைக்கே மதிக்காதுன்னு பயம். அதனால பாத்திரம் கழுவிக்கிட்டே காதை மட்டும் குடுப்பா. பூனை பஸ் ஏறுச்சு, மழை வந்துச்சு, பூனை அழுதுச்சுன்னு பிள்ளை தடங்கலே இல்லாம போகும். "கெட்டிக்காரி"ன்னு ஒரு கையெழுத்து. வேலை முடிஞ்சுது.

போன வாரம் டீச்சர் கூப்பிட்டு விட்டாங்க.

"லோஷினிக்கு எழுத்து கூட்டவே வரலம்மா. படத்தைப் பாத்து கதை கட்டுது. இப்படியே போனா தனி வகுப்புக்குத்தான் அனுப்பணும். நீங்க வீட்டுல கேக்குறீங்கதானே?"

"கேக்குறேன் டீச்சர்."

பொய் இல்ல. கேட்டா.

வீட்டுக்கு வந்ததும் பிடிச்சா. "ஏன்டி, வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிக்கிட்டா இருந்த?"

"நீங்கதானே நல்லாருக்குன்னு சொன்னீங்க."

யோகேஸ்வரி புருஷனுக்குப் போன் போட்டா. ஜெயபாலனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனா விடியுமுன்ன சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்புற ஆளு, பிள்ளை தூங்கினப்புறம்தான் வீடு வருவான்.

"உங்க மக படிப்பை இனி நீங்க பாருங்க."

"நான் சிங்கப்பூர்ப் பாலத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன் லா. பஸ் நகரவே இல்ல."

"நகராட்டி நல்லது. சும்மாதானே உக்காந்திருக்கீங்க? வீடியோவைப் போடுங்க."

புத்தகத்து மேல போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பிள்ளை ஒவ்வொரு எழுத்தா முக்குச்சு. அப்பா கொட்டாவி விட்டுக்கிட்டே திருத்துனான்.

"நீங்க தூங்குங்கப்பா, நான் அம்மாகிட்ட கேட்டுக்கிறேன்."

யோகேஸ்வரி கை கடுத்துப்போச்சு. இனி மறைச்சுக்கிட்டு இருக்க முடியாது.

"அம்மாவுக்கு இது தெரியாதுடி."

"எது?"

"இந்த எழுத்து. ஒண்ணு கூட."

லோஷினி அம்மாவை மேலயும் கீழயும் பாத்துச்சு. "அப்ப எதுக்கு என்னைக் கெட்டிக்காரின்னீங்க?"

போன்ல ஜெயபாலன் சிரிச்சான்.

"சிரிச்சது போதும். வாசிக்கிறதைக் கேளுங்க."

இம்மிகிரேஷன் சோதனை வந்துருச்சுன்னு அவன் போனை வைக்கிறப்ப மூணு வரிதான் ஆயிருந்துச்சு. ஒரு கதை முடிய ஒரு வாரம் ஆகும் போல. யோகேஸ்வரி தொப்புன்னு நாற்காலியில உக்காந்தா. "இன்னொரு தடவை சொல்லு"ன்னா. பிள்ளை வரியில விரலை வச்சு, தடங்கித் தடங்கி வாசிச்சுது. அம்மா இந்தத் தடவை பாத்திரம் கழுவ எழுந்து போகல.