தார்ப்பாய்க்குக் கீழே ஒரு சபை

நேற்று நாமக்கல் பைபாஸில் முன்னால் போன லாரியின் நனைந்த தார்ப்பாய் வாசம் மூக்கில் ஏறியதும், லாரி பாடி கட்டும் பட்டறையில் ஞாயிறுதோறும் அப்படியொரு தார்ப்பாயை இழுத்துக் கட்டி, மரத்தூளைக் கூட்டித் தள்ளி, பலகை பரப்பி நாங்கள் ஜெபத்துக்குக் கூடிய சபைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். இப்போது அங்கே பெட்ரோல் பங்க் நிற்கிறது. லாரி ஓட்டும் அப்பா பலகையில் காலால் தாளம் போட, நான் தகரச் சில்லு கோத்த டாம்பரினைத் தட்டிப் பாட்டைக் கெடுப்பேன்.

விபத்தில் அப்பாவின் வலது கால் போனபோது, இனி எங்கள் வீட்டில் ஜெபமே இருக்காது என்று பயந்தேன். ஆனால் அந்த ஞாயிறே, ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லும் நேரத்தில் அம்மா எழுந்தாள்.

"ஸ்தோத்திரமுங்க. காலு போச்சுங்க, ஆளை ஆண்டவரு உட்டுவெச்சிருக்காருங்க. தூக்கிக்கிட்டாவது கூட்டியாரேனுங்க."

சொன்னபடியே, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் பட்டறை ஆட்கள் கயிற்றுக் கட்டிலோடு அப்பாவைத் தூக்கி வந்தார்கள். பாட்டு தொடங்கியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏஞ்சாமி, தாளம் போடறயா, தகரம் நிமுத்தறயா?"

சபையே சிரித்தது, அம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாக. பிறகு அப்பா இடது காலைக் கட்டிலிலிருந்து இறக்கிப் பலகையில் தட்டினார். அந்த ஒற்றைக் கால் தாளத்தை என் இரண்டு கைகளாலும் இன்றுவரை எட்டிப் பிடிக்க முடியவில்லை.