ஒன்பதேகாலில் விழுந்த நிழல்

கடிகாரம் ரிப்பேர் செய்கிறவனிடம் யாரும் மணி கேட்க மாட்டார்கள், "எப்ப ரெடியாவும்?" என்றுதான் கேட்பார்கள்.

தையல் கடை, சைக்கிள் கடை, ரேடியோ கடை என்று வைத்துக்கொண்டு "நாளைக்கு வாங்க" சொல்லியே தொண்டை கட்டிப்போன என் சகோதரர்களுக்கு இதைச் சொல்கிறேன். உங்கள் பாடாவது தேவலை. கிழிந்ததைத் தைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எங்களிடம் வருகிறவர்களுக்குக் கடிகாரம் ஓடினால் மட்டும் போதாது, முகமும் புதிதாக இருக்க வேண்டும். டயல் கொஞ்சம் மஞ்சள் தட்டிவிட்டால் போதும், "மூஞ்சியை மாத்திக் குடு" என்பார்கள். நாங்களும் டயலைக் கழற்றி மெட்ராஸுக்கு அனுப்புவோம். அங்கே பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, வெள்ளை அடித்து, நம்பரைப் புதிதாக எழுதி அனுப்பிவிடுவார்கள். சித்தூர் பஜாரில் நான் கடை போட்ட புதிதில் மாதாமாதம் என் கடையிலிருந்து ஒரு பொட்டலம் அப்படிப் போகும். அந்தப் பொட்டலம் ஏன் நின்றது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

குடிபாலாக்காரர்

ஆந்திரா தனி ராஜ்யமான சமயம். வேலூர் போகிற வழியில் இருக்கும் குடிபாலாவிலிருந்து ஏழுமலை என்று ஒருவர் வந்தார். கரும்பு வைத்திருப்பவர். வெல்ல மண்டிக்கு வண்டி கட்டி வந்த கையோடு என் கடையில் ஏறி, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பட்டாளத்துக் கடிகாரத்தை எடுத்து வைத்தார். அவருடைய அண்ணன் துரை பர்மா சண்டைக்குப் போனவர். கடிகாரம் மட்டும், நின்றுபோய், திரும்பி வந்தது. கொண்டு வந்து கொடுத்த சிநேகிதருக்கு ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. அம்மா அதை அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் காலமான பிறகு இப்போதுதான் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள்.

டயல் பாலாடை நிறத்துக்கு வந்திருந்தது. இருட்டில் தெரிவதற்காக அந்த முட்களில் ரேடியம் பூசியிருப்பார்கள். அந்த ரேடியத்துக்கு ஒரு குணம் உண்டு. முள் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுவிட்டால், அடியில் இருக்கும் டயலைச் சுட்டுவிடும். நான் முள்ளைத் தள்ளிப் பார்த்தேன். முள் நகர்ந்தது, ஆனால் அதன் நிழல் நகரவில்லை. ஒன்பதேகாலில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பழுப்பாக, டயலிலேயே பதிந்து கிடந்தது. "வெள்ளை அடிச்சிட்டா போயிடும், ஒரு வாரத்துல தர்றேன்" என்றேன். ஏழுமலை கடிகாரத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஓடணும். ஆனா அந்த நெழலு போவக் கூடாது" என்றார். ஏன் என்று கேட்டேன். கண்ணாடிமேல் விரலை வைத்து அந்தக் கோட்டைக் காட்டினார்.

"எங்க அண்ணன் கையில கடைசியா இருந்த மணி அதாண்ணா. பகல்ல ஒன்பதேகாலா, ராத்திரி ஒன்பதேகாலான்னுதான் தெரியல."

விபூதி வைத்தியம்

எல்லாரும் ஏழுமலை மாதிரி இருந்துவிட்டால் எனக்கு ஏது பிழைப்பு? அதே மாதம் புத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மாப்பிள்ளைக்குப் போட வெள்ளி டயல் கடிகாரம் ஒன்றை வாங்கி வைத்திருந்தாராம். கல்யாணம் தள்ளிப் போனதில் டயல் கறுத்துவிட்டது. வெள்ளிக் குங்குமச் சிமிழைத் துலக்குவதுபோல மூடியைத் திறந்து, விபூதியைப் போட்டுக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிட்டார். டயல் பளபளவென்று இருந்தது. நம்பர் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு எங்கே, ஆறு எங்கே என்று நான் தடவிக்கொண்டிருந்தேன். கல்யாணம் மறுநாளே என்பதால் மெட்ராஸுக்கு அனுப்பவும் வழியில்லை. நான் தலையில் கை வைத்ததைப் பார்த்து அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"நெம்பர் போனா போவுது, வுடு. மாப்பிள்ளைக்கு மணி பாக்கத் தெரியாது."

கையில் இருந்த ஊர்

சபாபதி என்று ஒரு குமாஸ்தா. மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவர். சித்தூருக்கு மாற்றலாகி வந்த இடத்தில் ராஜ்யம் பிரிந்து ஊர் ஆந்திராவோடு போய்விட்டது, மனிதர் இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார். அவர் கடிகாரத்தின் டயலில் விற்ற கடைக்காரரின் பெயர் அழிந்து, அடியில் 'மெட்ராஸ்' என்று இங்கிலீஷில் இருந்த எழுத்து மட்டும் தங்கியிருந்தது. ஆபீஸில் எல்லாரும் அதைக் காட்டிக் கிண்டல் செய்கிறார்களாம். "அழிச்சிடுங்க, தொல்லை விட்டுது" என்று கொடுத்தார்.

ரொம்பச் சுலபமான வேலை. பெட்ரோல் தொட்ட பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தால் எழுத்து வந்துவிடும். பஞ்சை நனைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். மனிதர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் கட்டியிருந்தது. பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். அவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, சட்டைக் கையை இழுத்து அதை மூடினார்.

"வேணாம்யா. ஊருதான் போயிடுச்சு, பேராவது கையில இருக்கட்டும்."

உடம்பில் இருந்ததெல்லாம்

ஏழுமலை மண்டிக்கு வரும்போதெல்லாம் கடையில் எட்டிப் பார்ப்பார். கடிகாரம் நன்றாக ஓடியது. நாளுக்கு இரண்டு தடவை முட்கள் அந்த நிழல்மேல் வந்து பொருந்தும். அந்த நேரத்தில் வயலில் இருந்தாலும் ஏரை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன் என்பார். ஒரு நாள் கையில் கடிகாரம் இல்லாமல் வந்தார். கூடவே அவர் மனைவி செல்லம்மா.

நடந்தது இதுதான். ஏழுமலைக்கு விஷக்காய்ச்சல் வந்து பிழைப்பாரா என்று இருந்தபோது, செல்லம்மா திருப்பதி சாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். தெலுங்கில் 'நிலுவு தோபிடி' என்பார்கள். உண்டியல் முன்னால் நிற்கும்போது உடம்பில் என்னென்ன போட்டிருக்கிறோமோ அத்தனையும் கழற்றிப் போட்டுவிட வேண்டும். ஏழுமலை பிழைத்துக்கொண்டார். இருவரும் மலைக்குப் போனார்கள். ஏழுமலை மொட்டை அடித்துக்கொண்டு குளத்தில் முழுகப் போகும்போது, தண்ணீர் படக் கூடாதே என்று கடிகாரத்தைக் கழற்றி மனைவி கையில் கட்டிவிட்டார். அப்புறம் கூட்டம், நெரிசல், தள்ளு. அவர் திரும்ப வாங்க மறந்தார், அந்த அம்மாள் கொடுக்க மறந்தார். உண்டியல் முன்னால் கம்மல், மூக்குத்தி, வளையல் என்று கழற்றிக்கொண்டே வந்த கை கடைசியில் கடிகாரத்தில் வந்து நின்றது. அதையும் போட்டுவிட்டார்.

"அது உங்களுது இல்லையேம்மா, அவர்தானே கட்டிவிட்டார்?" என்றேன். செல்லம்மாவின் காதும் மூக்கும் மூளியாக இருந்தன. குரல் மட்டும் அசையவில்லை.

"இவுர உசிரோட குடுத்த சாமிகிட்ட நின்னுக்கினு, இது என்னுது, இது அவுருதுன்னு வழக்கு பேசச் சொல்றியாண்ணா?"

ஏலத்துப் பைத்தியம்

உண்டியலில் விழும் கடிகாரங்களைக் கோயிலில் ஏலம் விடுவார்கள். மெட்ராஸ், பெங்களூர், வேலூர் என்று எங்கெங்கிருந்தோ வியாபாரிகள் வருவார்கள். குவியல் குவியலாகப் போகும். எடுத்தவுடன் முதல் வேலை, டயல்களைக் கழற்றி வெள்ளை அடிக்க அனுப்புவது. ஏழுமலையின் கடிகாரத்துக்கு வேறு அடையாளமே கிடையாது. அதே மாதிரிப் பட்டாளத்துக் கடிகாரங்கள் எத்தனையோ உண்டு. அந்த நிழல் போய்விட்டால், அது என் கையிலேயே வந்து விழுந்தாலும் எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நிறுத்தினேன் மெட்ராஸ் பொட்டலத்தை. ஒவ்வொரு ஏலத்துக்கும் போனேன். எடுத்தவர்களிடமெல்லாம், "சுரண்டறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை எனக்குக் காட்டுங்க" என்று கெஞ்சினேன். எல்லைத் தகராறில் பஸ் ஓடாத நாட்களில்கூட ரயிலைப் பிடித்துப் போயிருக்கிறேன். எத்தனை முகங்கள்! மழை நீர் இறங்கியவை, துரு பூத்தவை, கண்ணாடி உடைந்தவை. ஒவ்வொன்றும் யாரோ எதற்கோ வேண்டிக்கொண்டு கழற்றியது. யாருடைய அண்ணனையோ தேடப் போய், கடைசியில் ஏக்கம் எனக்கே தொற்றிக்கொண்டது. திருப்பதியில் சுப்பையா செட்டி என்று ஒரு வியாபாரி, நல்ல மனிதர், என்னைக் கண்டாலே சிரிப்பார். தெலுங்கில் பிச்சி என்றால் பைத்தியம்.

"ஏமய்யா, ஒன்பதேகால் பிச்சி இன்னும் தெளியலையா ஒனக்கு?"

எந்தப் பக்கம்

எல்லையை எங்கே போடுவார்கள் என்று ஊர் முழுக்க அதே பேச்சாக இருந்தது. தமிழ்ப் போர்டில் தார், தெலுங்குப் போர்டில் தார். கடைசியில் பங்கு பிரித்து முடித்தார்கள். திருத்தணி மெட்ராஸோடு அந்தப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராவில் இந்தப் பக்கம் நின்றோம். குடிபாலாவும் இந்தப் பக்கம்தான், கூப்பிடு தூரத்தில் அந்தப் பக்கம். அந்த வாரம் ஏழுமலை கடைக்கு வந்து, கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு வருத்தமா என்று கேட்டேன். வெல்லம் எங்கேயும் வெல்லம்தானே என்றார். கிளம்பும்போது படியில் நின்று திரும்பினார்.

"அண்ணன் வந்தா மெட்ராஸ் ராஜ்யத்துல கீற ஊரைத்தாண்ணா தேடுவாரு. நாங்க ஆந்திராவுல கீறோம்னு அவுருக்கு யாரு சொல்லுவாங்க?"

பொட்டலத்தில் ஒன்று

அதற்குப் பிறகு ஒரு தடவை திருப்பதி போனபோது, சுப்பையா செட்டி மெட்ராஸுக்கு அனுப்ப ஒரு பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். வேலூர்க்காரர் ஒருவர் கடையை மூடும்போது, பழைய ஏலத்தில் எடுத்து விற்காமல் கிடந்ததையெல்லாம் இவரிடம் தள்ளிவிட்டாராம். நூலை முடிச்சுப் போடாமல் என் பக்கம் நகர்த்தினார். மூன்றாவதாகவோ நாலாவதாகவோ கையில் எடுத்தேன். முள் எங்கேயோ நின்றிருந்தது. பாலாடை நிற டயலில், பழுப்பாக, ஒன்பதேகால்.

என் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டேன். என் கடைக்கு வந்து பிரித்தபோது மூச்சைக்கூட மெல்ல விட்டேன். முள்ளைத் தூக்கும்போது டயலில் கீறல் விழாமல் அடியில் காகிதம் வைத்தேன். ரேடியம் பொரிந்து உதிரும் நிலையில் இருந்ததால் ஊதவில்லை, துடைக்கவில்லை. டயலை ஓரத்தில் பிடித்து எடுத்து ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடி வைத்தேன். உள்ளே இருக்கும் சக்கரங்களை மட்டும் பெட்ரோலில் கழுவி, எண்ணெய் வைத்து, மறுபடி பூட்டினேன். டயலின் அழுக்கு அப்படியே இருந்தது. இவ்வளவு வருஷத் தொழிலில் ஒன்றுமே செய்யாமல் விட்ட அந்த டயலைப் போல வேறு எதையும் நான் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. அன்று திருப்பதியில் நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பியபோதே, செட்டி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"தீஸ்கோ அய்யா, எடுத்துக்கினு போ. அனுப்பிச்சிருந்தா ஒரு வாரத்துல வெள்ளையாயிருக்கும்."

வேண்டிக்கொள்ளாதது

சொல்லி அனுப்பினேன். ஏழுமலை ஓடி வந்தார். கடிகாரத்தைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தேன். குனிந்து பார்த்தார், கண்ணீர் பொட்டுப் பொட்டாக விழுந்தது. ஆனால் கையை நீட்டவில்லை. "அவ வூட்டுக்குள்ள சேக்க மாட்டாண்ணா, சாமிக்குப் போட்டதாச்சே" என்றார். எனக்குக் கோபமாக வந்தது. அலைந்தவன் நான் அல்லவா? செல்லம்மாவையே கூட்டி வரச் சொன்னேன்.

வந்தார்கள். ஏலத்தில் வாங்கியதைப் பிரசாதம் என்று எத்தனையோ பேர் வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். "வேற யாருனா வாங்கினா பிரசாதம். குடுத்த கையே வாங்கினா அதுக்கு இன்னா பேரு?" என்றார். ஏழுமலை எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தைச் செல்லம்மா பார்த்தார். பிறகு மேஜைப் பக்கம் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடிகாரத்தை வெகு நேரம் பார்த்தார். "ஓடுதாண்ணா?" என்றார். ஓடுகிறது என்றேன்.

"அப்ப இங்கயே இருக்கட்டும், யாருக்கும் வித்துடாத. மண்டிக்கு வர்றப்ப இவுரு வந்து பாத்துட்டுப் போவட்டும். குடுத்தது குடுத்ததுதான், பாக்க மாட்டேன்னு நான் வேண்டிக்கலியே."

விற்கக் கூடாத ஒரு கடிகாரத்தைக் கண்ணாடிப் பெட்டியின் நடுவில் வைத்து, தினமும் அதற்குச் சாவி கொடுத்துக்கொண்டு, எனக்கு வியாபாரம் தெரியாது என்கிறவர்களை வெல்ல மண்டி நாளில் காலை ஒன்பதேகாலுக்கு வந்து பார்க்கச் சொல்லிக்கொண்டு, நானும் கடை நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.