குடைக்குள் வந்த பாறைக்காரன்

அறிவியல் டீச்சரின் கறுப்புக் குடை மழைக்கு விரிந்து நான் பார்த்ததே இல்லை. அதன் உட்புறம் முழுக்கச் சாக்பீஸ் புள்ளிகள். வகுப்பில் அதைத் தலைக்கு மேல் விரித்து, வடக்கே சாய்த்து, மெல்லச் சுழற்றுவார். உச்சியில் துருவ நட்சத்திரம் அசையாமல் நிற்க, மற்றவை அதைச் சுற்றி வரும். எழுபதுகளின் பிற்பகுதி அது. கொல்லிமலை அடிவாரத்தில், மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். பட்டப்பகலில் வானம் காட்டுகிறாரே, இதென்ன கூத்து என்று ஓய்வு நேரத்தில் ஜன்னலோரம் போய் நின்றுவிடுவேன்.

சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர் அவர். எதைக் கண்டாலும் கேள்விதான். "உங்க வீட்டுல இதுக்கு என்ன பேரு?" என்று ஒவ்வொரு புள்ளிக்கும் கேட்பார். பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். மலைப்பேச்சுக்குக் கடைவீதியில் கிடைத்த கேலி போதும் போதும் என்றிருந்தது அவர்களுக்கு. ஒருநாள் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, விடுதிக்கு வந்ததிலிருந்து பேசாதிருந்தவள், குடை விளிம்பருகே சுவாதி நட்சத்திரத்தைக் காட்டினாள். "இது பாறைக்காரன். எங்கூருப் பாறை மேலதான் உக்காருவான். இங்கெல்லாம் வரமாட்டான்." வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "எப்ப உக்காருவான்?" என்று கேட்டார். "சாமைக் கதிரு முத்தறப்ப. பொழுது எறங்கினதும்." அடேயப்பா, டீச்சரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! சுவாதிக்குப் பக்கத்தில் அங்கேயே 'பாறைக்காரன்' என்று எழுதிவிட்டார். அப்புறம் பிள்ளைகளை யார் நிறுத்துவது? குடை முழுக்கப் பெயர்களாகிவிட்டது. இப்போது கைப்பேசியை வானத்துக்கு நேரே பிடித்தால் பெயர் வந்து நிற்கிறது. பாறைக்காரன் என்று மட்டும் வருவதில்லை, நான் பார்த்துவிட்டேன்.

சாமை முத்தும் பருவத்தில் சந்தைக்கு இறங்கிய அந்தப் பெண்ணின் அப்பா பள்ளிக்கு வந்தார். அவள் ஆசையாகக் குடையை விரித்துப் படித்துக் காட்டினாள். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏனுங்க டீச்சர், இந்தப் பேச்சுக்குத்தானுங்க ஊரே சிரிக்குது. புள்ளையாச்சும் தப்பிக்கட்டும்னு கீழ கொண்டாந்து உட்டேன். நீங்களும் இதையே சொல்லிக் குடுத்தா அவ எப்பங்க பாஸ் பண்ணுவா? நான் கூட்டிட்டுப் போறேனுங்க." எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது? "புஸ்தகப் பேரும் சேர்த்துத்தாங்க சொல்லித் தர்றேன்" என்றார் டீச்சர். அப்பாவோ மகளின் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். டீச்சரும் நானும் மனசு கேட்காமல் கூடவே நடந்தோம்.

வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மைதானத்து நடுவில் அந்தப் பெண் நின்றுவிட்டாள். "அப்பா, அங்க பாரு! பாறைக்காரன் இங்கயும் வந்திருக்கான். மில்லு புகைபோக்கி மேல உக்காந்திருக்கான்!"

அவர் மேற்கே திரும்பினார். "அட, அவனேதான்" என்றார். பிறகு, "அவன் பொண்டாட்டி எங்க, சாமி?" என்று மகளைக் கேட்டார்.

"பொண்டாட்டியா? நீ சொன்னதே இல்லியேப்பா!"

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "அவ முன்னாலயே எறங்கிப் போயி சோத்துக்கு ஒலை வெச்சிருப்பா. அதுல ரெண்டு பேருக்கும் ஒரு சண்டை..." என்று தரையில் உட்கார்ந்தார். டீச்சர் புடவையை ஒதுக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். சாலையில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது.

"பஸ்ஸு போயிருச்சுங்களே" என்றேன்.

"போவட்டுங்க வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு, மகளின் பெட்டியைத் தள்ளி எனக்கும் உட்கார இடம் விட்டார்.