மூன்று மாதச் சம்பளத்துக்கு ஒரு பெடல்

தம்பி ஸ்கூட்டரை விற்றுவிட்டான் என்பது அவளுக்கு மூன்றாம் நாள்தான் தெரிய வந்தது. வேலைக்குப் போகிற வழியில் பார்த்தால், பஸ் நிறுத்தத்தில் முதுகில் கிட்டார் பையோடு நிற்கிறான். வண்டி எங்கே என்று கேட்டதற்கு சர்வீசில் விட்டிருப்பதாகச் சொன்னான். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும். அன்று இரண்டு காதும் சிவந்திருந்தன.

வீட்டில் தம்பிக்கு மட்டுமல்ல, வேலை செய்யும் பட்டறையில் இருந்த மூன்று பெண்களுக்கும் அவள் அக்காதான். பெற்ற அம்மாவே அவசரத்தில் சில நேரம் அக்கா என்று கூப்பிட்டுவிடுவாள். நாற்பத்தொரு வயது. மூக்கு நுனியில் கோபம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையில்லை. அவள் கோபத்தை அடக்கி அடக்கி வைத்திருந்தாள், நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

அன்று மாலை தம்பியின் கட்டிலுக்கு அடியில் கூட்டப் போனவளின் துடைப்பத்தில் ஒரு மரப்பெட்டி தட்டுப்பட்டது. திறந்தாள். கருநீல வெல்வெட் துணிக்குள் கைக்கு அடங்கும் ஓர் உலோகப் பெட்டி. நடுவில் காலால் அழுத்தும் பொத்தான், மேலே மூன்று திருகு குமிழ்கள். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் மாட்டி மிதித்தால் ஒலியைக் கரகரப்பாக்கிக் கொடுக்கும் பெடல். கூடவே ஒரு கெட்டி அட்டை: ‘இந்தப் பெடல் மூன்று நாள் எடுத்து என் இரண்டு கைகளால் செய்யப்பட்டது.’ கீழே மாஸ்டரின் கையெழுத்து. புது வரிசையில் எண் 412.

மாஸ்டர் அவளுடைய முதலாளி. 412 அவள் செய்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீக்கு முன்னால், நாற்பது நிமிடத்தில். அன்றைக்கு மட்டும் அவள் ஒன்பது பெடல் முடித்திருந்தாள். அந்த ஒன்பதில் ஒன்று, அவளுடைய மூன்று மாதச் சம்பள விலைக்கு, அவளுடைய வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

தம்பி வந்ததும் பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தாள். அவன் மழுப்பவில்லை. ஸ்கூட்டரை விற்ற காசில் வாங்கியதாம். எட்டு மாதம் காத்திருப்போர் பட்டியலில் இருந்தானாம். முன்பே சொல்லியிருந்தால் அவள் கிண்டலடித்தே கெடுத்திருப்பாளாம்.

“இதை நான்தான்டா செஞ்சேன்” என்றாள்.

“நீ ஒயர் ஒட்டினே. டோன் அவரோடது.”

அந்த ஒரு வாக்கியம் அவளுக்கு எங்கே போய்த் தைத்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன், டிவி போர்டு செய்யும் தொழிற்சாலையை இழுத்து மூடியபோது, அங்கே ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் வேலை செய்துகொண்டிருந்த அவள் மாஸ்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அவர் வீட்டுப் பின்கட்டில் நான்கு மேசை, நான்கு விளக்கு, புகையை இழுக்க ஒரு மின்விசிறி. மாஸ்டர் நன்றாகப் பேசுவார். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஒரு தொழிற்சாலைப் பெடலைப் பிரித்துப் பார்த்து, அதே சர்க்யூட்டை அழகான பெட்டியில் போட்டு விற்கலாம் என்பது அவருடைய யோசனை. ஆனால் முதல் பத்துப் பெடலும் தேனீக் கூட்டம் மாதிரி இரைந்தன. விடுமுறை நாளில் தனியாக வந்து உட்கார்ந்து, எர்த் ஒயரை இடம் மாற்றி, இரைச்சலை நிறுத்தியவள் அவள். கூர்மையாகக் காதைக் குத்திய ஒலியை, பழைய டிவி போர்டிலிருந்து கழற்றிய ஒரு கெப்பாசிட்டரைப் போட்டு மட்டுப்படுத்தியதும் அவள்தான். மாஸ்டர் வாசித்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அன்று எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதம் அது ‘மாஸ்டர் டோன்’ ஆகிவிட்டது. அதற்கடுத்த மாதம், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாதபடி போர்டின் மேல் கருப்புப் பசையை ஊற்றி இறுக வைக்கச் சொன்னார். ரகசியத்தைக் காப்பாற்றத்தான் என்றார். எதன் ரகசியம் என்று அவளுக்குத் தெரியும். முக்கால்வாசி சர்க்யூட் இன்னொருவனுடையது, மீதி அவளுடையது.

இத்தனையும் தம்பியிடம் சொன்னாள். சொந்தக்காரர் பெருமை பேசுவதைக் கேட்கிற முகத்தோடு அவன் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுக்குப் போய், ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவில் உதிரிபாகம் வாங்கி வந்தாள். சனிக்கிழமை உட்கார்ந்து, காலி பிஸ்கட் டப்பாவுக்குள் அதே சர்க்யூட்டைச் செய்து முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் அவன் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் நண்பனையும் கூடத்தில் உட்கார வைத்தாள். குறுக்கே ஒரு படுக்கை விரிப்பைக் கட்டி, அதற்குப் பின்னால் இரண்டு பெடலும் ஒரு மாற்று சுவிட்சும். சுவிட்சுக்குப் பொறுப்பு அம்மா. அவளுக்கு எது எது என்றே தெரியாது, இடது வலது என்று மட்டும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்ள வேண்டும். அவளைக் கேட்டால் இரண்டுமே மிக்ஸி ஓடுகிற சத்தம்தான்.

தம்பி பத்து முறை வாசித்து, எது மாஸ்டருடையது என்று சொன்னான். பத்தில் ஏழு முறை பிஸ்கட் டப்பாவைக் கேட்டுவிட்டு இதுதான் மாஸ்டர் என்றான். நாலாவது முறை, “இந்த ஆழம் வேற எதுலயும் வராது” என்று நண்பனிடம் விளக்கம் வேறு சொன்னான். அதுவும் டப்பாதான்.

விரிப்பை அவிழ்த்து, காலண்டர் தாளை அவன் முன்னால் வைத்தாள். நண்பன் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். தம்பி முதலில் ஒயர் சரியில்லை என்றான். பிறகு அம்மா சரியாக அமுக்கவில்லை என்றான். அப்புறம் கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அன்றிலிருந்து அக்காவிடம் பேச்சு இல்லை.

ஜெயித்தது அவளுக்கு இனிக்கவில்லை. தினமும் காலையில் அவன் அந்த 412-ஐ மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் வாசித்தான். முன்பெல்லாம் இழுத்து உட்கார வைத்தாலும் அரை மணிக்கு மேல் தாங்காதவன், வராத இடத்தைத் திரும்பத் திரும்ப, மெதுவாக வாசித்துச் சரி செய்தான். வாசிப்பு மெருகேறிக்கொண்டு வந்தது அடுப்படியில் நின்றவளுக்கே கேட்டது. கொடுத்த விலை உறுத்தித்தான் அவன் உட்காருகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அதற்கும் கோபம் வந்தது. இத்தனை வருடம் அவள் கெஞ்சியதற்கு உட்காராதவன், மாஸ்டரின் கையெழுத்துக்கு உட்கார்ந்துவிட்டான்.

அந்த வாரம் பட்டறைக்கு ஒரு கேமராக்காரர் வந்தார். மாஸ்டர் தனியாக உட்கார்ந்து ஒரு பெடலைச் செய்து முடிப்பதை வீடியோவாக எடுத்து விளம்பரம் செய்யப் போகிறார்களாம். மூன்று மேசைகளைத் துணி போட்டு மூடினார்கள். நான்கு பெண்களும் மொட்டை மாடியில் போய் இருக்க வேண்டும் என்று உத்தரவு. வெயிலில், தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். அரை மணியில் அவளை மட்டும் கூப்பிட்டார்கள்.

மாஸ்டர் சால்டரிங் ராடைத் தொட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. போர்டில் அவர் வைத்த ஈயம் உருண்டை உருண்டையாக, பல்லி முட்டையிட்ட மாதிரி இருந்தது. கிட்டத்தில் எடுத்தால் பார்க்கச் சகிக்கவில்லை என்று கேமராக்காரரே சொல்லிவிட்டார்.

மாஸ்டர் அவளைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். “ஒரு சின்ன உதவி மேடம். உங்க கையை மட்டும் எடுத்துக்கிறோம். முகம் வராது.”

அவருடைய நீலச் சட்டையைக் கொடுத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். மோதிரம் அவள் விரலில் ஆடியது, உள்ளே பஞ்சு சுற்றினார்கள். ஏன் போட்டுக்கொண்டாள் என்று பிற்பாடு அவள் தன்னையே நூறு முறை திட்டிக்கொண்டாள். அந்த அறையில் பதினொரு ஆண்டுகளாக முடியாது என்ற சொல் அவள் வாயில் வந்ததில்லை, அன்றைக்கும் வரவில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்தாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. நாற்பத்தாறு ஈய முனைகள், ஒவ்வொன்றும் மழைத்துளி மாதிரி மின்னியது. கேமராக்காரர் மாஸ்டரைப் பார்த்து, சார் உங்க கை பிரமாதம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் ராடைக் கீழே வைத்தாள். “இது என் கைன்னு வீடியோவுல எழுதுங்க.”

சிரிப்பு நின்றது. மாஸ்டர் மட்டும் புன்னகையை விடவில்லை. எல்லோரும் சேர்ந்து செய்வதுதானே, ஒரு பெயர் போட்டால்தானே வியாபாரம் என்று பூசி மெழுகினார். அவள் மோதிரத்தைப் பஞ்சோடு கழற்றி மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து, கிட்டார் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்த தம்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னால் வந்து நின்றான். கையில் போன். திரையில் நீலச் சட்டைக் கை ராடைப் பிடித்திருந்தது. சுண்டு விரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கமாக வளைந்து நின்றது. ஐந்து வயதில் அவன் ஓடிவந்து சாத்திய கதவில் அவளுடைய அந்த விரல் நசுங்கியது. எலும்பு கோணலாகத்தான் கூடியது.

“இது உன் கை” என்றான்.

“ஆமா.”

“மோதிரம்?”

“அவரோடது.”

அவன் முகம் மாறியது. இப்போதே போய் அந்த ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன் என்று திரும்பினான். அவள் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

“எனக்காக நீ ஒண்ணும் இப்ப கோபப்பட வேண்டாம். நான் வாயால சொன்னப்ப நீ நம்பல. காதால கேட்டும் நம்பல. வீடியோ சொன்னா நம்புற.”

அவன் செருப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சாப்பாடு ஆறுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அவள் மாஸ்டரிடம் நேராகக் கேட்டாள். அந்த அட்டையில் நான்கு பேர் பெயரும் வர வேண்டும். மாஸ்டர் கோபப்படவில்லை, நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி விளக்கினார். ஜனங்கள் காசு கொடுப்பது ஒரு மனிதனின் கைக்கு. நான்கு பேர் பட்டறை என்று தெரிந்தால் விலை பாதியாகும், விலை பாதியானால் நான்கில் இரண்டு பேருக்கு வேலை போகும். அந்த இரண்டு பேர் யார் என்று நீங்களே சொல்லுங்கள் மேடம் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் அவளை அதிகம் எரித்தது. தன் சொந்த இடுக்கியையும் பூதக்கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு மதியத்துக்கு முன்பே வெளியேறினாள். கூட யாரும் வரவில்லை. ஒருத்தி அழுதாள், இரண்டு பேர் தலை நிமிரவில்லை. அவர்கள் மேலும் ஒரு மாதம் கோபமாக இருந்தாள். வாடகையும் பள்ளிக்கூடமும் அவர்களுக்கும் உண்டு என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்ட பிறகும் அது முழுதாகப் போகவில்லை.

டயர் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தாள். ஸ்பீக்கர், கீபோர்டு, பெடல், எது பழுதானாலும் பார்ப்பாள். தம்பி 412-ஐ விற்கப் போனான். பாதி விலை வந்தால் போதும் என்றுதான் போனான். அங்கேதான் வயிற்றெரிச்சல். வீடியோ வந்ததிலிருந்து மாஸ்டர் பெடலுக்குக் கிராக்கி ஏறியிருந்தது. வாங்கியதைவிடக் கூடுதலாக விற்று, பழைய ஸ்கூட்டரைவிட நல்ல ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். அப்படியானால் கொடுத்த காசுக்கு அது தகும்தானே என்று டிரம்ஸ் நண்பன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டான். அக்கா பார்த்த பார்வையில் அதற்கப்புறம் ஒரு வாரம் அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

அவளும் பெடல் செய்து விற்றாள். பசை இல்லை, உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி மூடி, நியாயமான விலை. முதல் வருடத்தில் பதினேழு போயின. வந்தவர்கள் வாசித்துப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். அடுத்து, ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்பார்கள். கேட்ட மாத்திரத்தில் அவள் முகம் மாறும், அதோடு வியாபாரம் முடிந்துவிடும். தம்பி விலையை ஏற்றிப் பார்க்கச் சொன்னான். மாட்டேன் என்றாள்.

போன மாதம் ஒரு பல் மருத்துவர், பழுதாகிச் சத்தமே வராத ஒரு மாஸ்டர் பெடலோடு வந்தார். பட்டறைக்கு எழுதினாராம். பிரித்துப் பார்க்க முடியாது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்ததாம். அவள் சூடான காற்றை ஊதும் கருவியால் இளக்கி, சின்னக் கத்தியால் கருப்புப் பசையைச் சுரண்ட ஆரம்பித்தாள். இரண்டு மணி நேரம் பிடித்தது. ஈயம் வைத்த விதத்தைப் பார்த்ததும் நாலு பேரில் யார் கை என்று தெரிந்துவிட்டது. அவள் வெளியேறிய அன்று அழுதவளுடையது. ஒரு முனை விட்டிருந்தது, பற்றவைத்ததும் பெடல் பாடியது.

மருத்துவர் மகிழ்ந்துபோனார். உள்ளே எட்டிப் பார்த்து, இதில் அப்படி என்னதான் விசேஷம் என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, எது எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொன்னாள். எது யாருடைய யோசனை என்றும் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

“சரிங்க. அந்தப் பசையை மறுபடி ஊத்திக் கொடுத்துடுறீங்களா? இல்லேன்னா நாளைக்கு விக்கும்போது விலை போகாது.”

அவள் மூடியைப் போட்டுத் திருகாணிகளை முறுக்கினாள். நான்காவது திருகாணி அவள் முறுக்கிய வேகத்தில் வழுக்கிவிட்டது, வேறு ஒன்று தேடிப் போட்டாள். ரிப்பேர் கூலியை மட்டும் சொன்னாள். பசை தன்னிடம் கிடையாது, இனிமேலும் இருக்காது, வேண்டுமானால் மாஸ்டரிடம் போய் வரிசையில் நிற்கலாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளின் கீபோர்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.