காஹாங்கிற்கு இரண்டாவது சனிக்கிழமை

போன சனிக்கிழமை காஹாங்கில் நான் செய்த ஒரு காரியத்தால்தான் இந்தச் சனிக்கிழமை மறுபடியும் போக வேண்டியதாயிற்று. இல்லையென்றால் ஏதாவது சாக்குச் சொல்லிப் போகாமல் நின்றிருப்பேன். நான் ஸ்கூடாயில் ஐந்தாம் படிவத்துப் பதினேழு வயது மாணவர்களுக்கு ஆங்கில டியூஷன் எடுப்பவள். காஹாங் பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நண்பர்கள் நடத்தும் ஆரம்ப ஆங்கில வகுப்புக்கு ஆள் வேண்டும் என்றார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். சின்னப் பிள்ளைகள்தானே என்று தலையாட்டிவிட்டேன்.

முதல் வகுப்பிலேயே ‘இங்கே ஆங்கிலம் மட்டும்’ என்று பலகையில் சட்டம் எழுதினேன். டியூஷனில் பழகிப்போன முறை. பாதி வகுப்பில் தர்ஷினி என்ற ஏழு வயதுப் பெண் எழுந்து, “டீச்சர், கழிவறைக்குப் போகட்டுமா?” என்று தமிழில் கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே, “இங்கிலீஷ் ப்ளீஸ்” என்றேன். அவளுக்கு அந்த வாக்கியம் தெரியாது. நானும் சொல்லித் தரவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டாள். பத்து நிமிடத்தில் அவள் நாற்காலிக்கு அடியில் தரை நனைந்திருந்தது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

அன்று மாலையே அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். படித்துவிட்டதற்கான இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, பதில் வரவில்லை. ஒரு வாரமாக அந்தக் குறிகளைத்தான் எடுத்து எடுத்துப் பார்த்தேன். தர்ஷினி வகுப்புக்குத் திரும்பி வருவாளா என்பதைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை.

இந்தச் சனிக்கிழமை காலை 5.50க்குக் கிளம்பினேன். ஸ்கூடாயிலிருந்து லார்கின் பேருந்து நிலையம் 14 கிலோமீட்டர், வாடகைக் காருக்கு 17 ரிங்கிட். (சனிக்கிழமைதானே என்று மெத்தனமாக இருக்காதீர்கள், ஏழு மணிக்கு மேல் ஸ்கூடாயில் வண்டி ஊரும்.) 6.45 பேருந்து 7.05க்குத்தான் நகர்ந்தது. குளுவாங்குக்கு 13 ரிங்கிட். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் நிதானமாகப் போகப் போக நான் மணி பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தரை மணி வகுப்புக்கு நான் தாமதமாகப் போய், அவள் அதற்குள் வந்து திரும்பிப் போயிருந்தால்?

9.15க்குக் குளுவாங். லெட்சுமி அக்கா வேனோடு காத்திருந்தார். வாரநாட்களில் பள்ளி வேன் ஓட்டுபவர். சனிக்கிழமை என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப் போக 40 ரிங்கிட். வகுப்பு முடியும்வரை பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார், ஆகவே போன வாரம் நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும்.

“என்னா டீச்சர், மூஞ்சி இப்படி இருக்கு? பசியாறலயா?”

“தர்ஷினி வருவாளா அக்கா?”

“எனக்கென்னா தெரியும்? அவங்க வீடு தோட்டத்துக்குள்ள, நான் இருக்கறது காஹாங் டவுன்ல. அவங்கம்மா அன்னிக்கே பாவாடைய துவைச்சு காயப்போட்டிருப்பாங்க லா. நீங்கதான் ஒரு வாரமா துவைச்சுக்கிட்டே இருக்கீங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காஹாங் வரை 32 கிலோமீட்டர், நல்ல சாலை, 35 நிமிடம். அதற்கப்புறம் 9 கிலோமீட்டர் செம்மண் பாதை. அங்கே செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று சேற்றில் புதைந்து வழியை அடைத்திருந்தது. “அலமாக்!” என்று அக்கா தலையில் கை வைத்தார். இருபது நிமிடம் போனது. வகுப்பு நடக்கும் தோட்டத்துப் பொதுமண்டபத்துக்குள் நுழையும்போது மணி 10.40. தலைகளை எண்ணினேன். பதினொன்று.

பலகையில் என் சட்டம் அப்படியே இருந்தது. முதல் வேலையாக அதை அழித்தேன். கொண்டுபோன மீன், பூனைப் படங்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, “மே ஐ கோ டு தி டாய்லட்?” என்று சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொருவரும் கேட்க வேண்டும், கழிவறைக் கதவைத் தொட்டுவிட்டு ஓடி வர வேண்டும். மறந்துபோனால் தமிழிலேயே கேட்கலாம், கேட்டதும் போகலாம் என்றேன். பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். நான் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

11.05க்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தோட்ட வேலைக்கான பூட்ஸோடு தர்ஷினியின் அம்மா, பின்னால் அவள்.

“நீங்க அனுப்புனத படிச்சேன் டீச்சர். என்னா எழுதறதுன்னு தெரியல. இவ வரமாட்டேன்னு ஒரே அடம். இன்னிக்கி மட்டும் வந்து பாக்கறேன்னிருக்கா.”

“மன்னிச்சிருங்கம்மா.”

“எனக்கென்னா டீச்சர், அவகிட்ட சொல்லுங்க.”

குனிந்து அவளிடம், “போன வாரம் தப்பு என்னோடதுமா” என்றேன். அவள் தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு உள்ளே போய், கதவோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

படங்களை எடுத்து வகுப்பைத் தொடர்ந்தேன். பத்து நிமிடத்தில் அவள் கை உயர்ந்தது. “டீச்சர், கழிவறைக்குப் போகட்டுமா?” தமிழில்தான். “போமா” என்றேன். உடனே திரும்பி வந்தாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டாள். அப்புறம் மூன்றாவது முறை. பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவதா என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. லெட்சுமி அக்கா மெல்ல எழுந்து வந்தார்.

“அவ அங்க போகவே இல்ல டீச்சர். வெளிய நின்னுட்டு வரா. நீங்க விடுறீங்களான்னு பாக்கறா.”

ஏழு வயதில் ஒரு பிள்ளைக்கு இப்படிச் சோதித்துப் பார்க்கத் தோன்ற நான் காரணமாகிவிட்டேன்.

இப்படி வகுப்பெடுக்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஒரு பேருந்து முன்னதாகவே பிடியுங்கள். மழை நாளில் செம்மண் பாதைக்கு அரை மணி கூடுதலாக வையுங்கள். தோட்டத்துக்குள் கடை கிடையாது, பசியாறிவிட்டே போங்கள். முதல் நாள் எழுத்துகளுக்கும் முன்னால் கழிவறை கேட்கச் சொல்லிக்கொடுங்கள். அது நாவில் வரும்வரை எந்த மொழியில் கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும் அனுப்புங்கள்.

தர்ஷினி நான்காவது முறையும் கை தூக்கினாள். அவள் வாய் திறக்கும் முன்பே “போமா” என்றேன். அவள் இல்லையென்று தலையசைத்தாள். என் கையிலிருந்த படத்தைக் காட்டி, “ஃபிஷ்” என்றாள்.